பி.காம். படித்த மகள் டெக்னிக்கல் ரைட்டிங் போகலாமா?

வணக்கம் அம்மா. மகள் பி.காம். கடைசி வருடம், சி.ஏ. படிக்கச் சொன்னால் டெக்னிக்கல் ரைட்டிங் (மென்பொருள், கருவிகளுக்குக் கையேடு, விளக்கம் எழுதும் வேலை) என்கிறாள், அதையெல்லாம் இனி ஏஐ எழுதிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானதுதான். ‘இந்தப் பொத்தானை அழுத்தவும்’ ரகக் கையேடுகளை ஏஐ இப்போதே எழுதுகிறது, அதை நம்பி அவளை அனுப்பச் சொல்ல மாட்டேன். ஆனால் ஏஐக்கே ஒரு கருவியை விளக்கி எழுதுகிற வேலை ஒன்று வந்திருக்கிறது. அதற்கு வணிகவியல் படித்த பிள்ளை நன்றாகவே பொருந்துவாள்.

விஷயம் இதுதான். ஏஐ ஏஜென்டிடம் (நமக்காகத் தானே வேலைகளைச் செய்து முடிக்கும் ஏஐ) ‘டிசிஎஸ் இப்போது என்ன விலை’ என்று கேட்டால் அதற்குத் தானாக விடை தெரியாது, விலை தரும் கருவி ஒன்றை, அதாவது ஒரு சின்ன மென்பொருளை, அழைத்துத்தான் வாங்க வேண்டும். எந்தக் கருவியை, எப்போது, என்ன கொடுத்து அழைப்பது என்பதை அந்தக் கருவியோடு இருக்கிற நாலு வரி விளக்கத்தைப் படித்தே முடிவு செய்கிறது. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ இந்த வசதியைத் தன் ஏபிஐயில் (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி) கொண்டுவந்தது, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் ஏஐயோடு கருவிகளை இணைப்பதற்கான எம்.சி.பி. என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது, அப்புறம் ஆளாளுக்குக் கருவிகளை இணைக்கத் தொடங்கிவிட்டார்கள். விளக்கத்தைப் பெரும்பாலும் புரோகிராமர்தான் அவசரத்தில் எழுதுகிறார்: ‘பங்கு விலையைத் தரும்.’ அவ்வளவுதான்.

இந்த ஒரு வரியால் என்ன ஆகும் என்று பாருங்கள். இன்ஃபோசிஸின் குறியீடு ஐ.என்.எஃப்.ஒய்., நம் தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ.யிலும் அதே குறியீடு, நியூயார்க் பங்குச் சந்தையிலும் அதே குறியீடு, ஆனால் இங்கே ரூபாய், அங்கே டாலர். சந்தையையும் நாணயத்தையும் விளக்கத்தில் சொல்லாவிட்டால் ஏஜென்ட் டாலர் எண்ணை எடுத்து ரூபாய் என்று சொல்லிவிடும், கேட்டவரும் நம்பிவிடுவார். டிசிஎஸ் என்.எஸ்.இ.யில் டிசிஎஸ் என்றே இருக்கும், மும்பைப் பங்குச் சந்தையான பி.எஸ்.இ.யில் 532540 என்ற எண்ணாலும் அழைப்பார்கள். மஹிந்திராவின் என்.எஸ்.இ. குறியீட்டின் நடுவில் ‘&’ இருக்கிறது, இணைய முகவரியில் அதை அப்படியே போட்டால் குறியீடு பாதியில் அறுந்துவிடும். சந்தை மாலை 3:30க்கு மூடிவிடும், ராத்திரி எட்டு மணிக்குக் கேட்டால் வருவது எந்த நேரத்து விலை? பதிலில் இருக்கும் நேரம் இந்திய நேரமா, அதைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரமான யு.டி.சி.யா? 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தபோது பங்கு விலை ஏறக்குறைய பாதியானது, ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை, கையில் இருந்த பங்கு இரட்டிப்பானது. பழைய விலைகளைப் போனஸுக்கு ஏற்பத் திருத்தித் தருகிறதா இல்லையா என்று கருவி சொல்லாவிட்டால், ‘ரிலையன்ஸ் ஒரே நாளில் 50 சதவீதம் சரிந்தது’ என்று ஏஜென்ட் பதறவைக்கும். இதெல்லாம் உங்கள் மகளுக்கு வகுப்பிலேயே பழக்கமான சங்கதி. கோடிங் மட்டும் தெரிந்தவருக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி இவளுக்குத் தோன்றும். அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

அவள் எழுதினால் இப்படி இருக்க வேண்டும்: ‘என்.எஸ்.இ.யில் பட்டியலான ஒரு பங்கு கடைசியாக வர்த்தகமான விலையை ரூபாயில் தரும். விலை 15 நிமிடம் வரை பிந்தியிருக்கலாம், எனவே பதிலில் உள்ள நேரத்தையும் சேர்த்துச் சொல்லவும். நிறுவனத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் முதலில் குறியீடு தேடும் கருவியை அழைக்கவும். பழைய தேதி விலைக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். விலை கிடைக்காவிட்டால் வெறுமையாக வரும், அதைச் சுழியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.’ வேலையில் இதை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும், ஆகவே அவளுடைய ஆங்கிலம் சுத்தமாக இருக்க வேண்டும். இதில் சமாதானம் கிடையாது.

சரி, எங்கே தொடங்குவது? ஓரளவு பைத்தானும் (புரோகிராம் எழுதும் மொழி) ஜேசனும் (தரவை எழுதும் ஒரு வடிவம்) கற்றுக்கொள்ளட்டும், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பங்குத் தரகு நிறுவனமான ஸெரோதாவின் கைட் கனெக்ட் என்ற ஏபிஐயின் ஆவணங்கள் பொதுவில் இருக்கின்றன, அதை வரி வரியாகப் படிக்கட்டும். பிறகு கற்பனை விலைகளை வைத்து ஒரு சின்னக் கருவி செய்யட்டும். சந்தைத் தரவை அனுமதியில்லாமல் எடுத்து மறுபடி வெளியிடுவது சிக்கல், அதனால்தான் கற்பனை விலை என்கிறேன். அதை ஏஜென்டோடு இணைத்து இருபது கேள்வி கேட்டு, முதலில் ஒரு வரி விளக்கத்தோடு எத்தனை தப்பானது, திருத்தி எழுதிய பிறகு எத்தனை தப்பானது என்று குறித்து, புரோகிராமர்கள் தங்கள் வேலையைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் போடட்டும். இன்டர்வியூவில் சான்றிதழ்களை விட இந்த ஒரு பக்கம் அதிகம் பேசும். ‘இந்தப் பங்கை வாங்கலாமா’ என்ற கேள்வியும் அந்த இருபதில் இருக்கட்டும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு பெறாதவர்கள் முதலீட்டு ஆலோசனையைத் தொழிலாகச் செய்யக் கூடாது, விலை மட்டும் தரும் கருவி அந்த இடத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அவள்தான் எழுத வேண்டும்.

இதற்கென்றே தனிப் பதவிகள் அதிகம் இல்லை, ஏபிஐ ஆவணம் எழுதும் வேலையின் ஒரு பகுதியாகத்தான் வரும். அதனால் சி.ஏ. இன்டருக்கு ஏற்கெனவே பதிவு செய்திருந்தால் விட்டுவிடச் சொல்லாதீர்கள். ஆறு மாதம் மாலை நேரத்தில் இதைச் செய்து பார்க்கட்டும், பிடித்தால் ஃபின்டெக் (நிதித் தொழில்நுட்ப) நிறுவனங்களில் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கட்டும். ‘வேலை நிச்சயம்’ என்று சொல்லி லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் கோர்ஸ் எதற்கும் இப்போது பணம் கட்டாதீர்கள்.