வித்தை என்ற சொல்லுக்கு ஒரு வக்காலத்து

கேள்வி: 2024 அக்டோபரில் மெரினாவில் நடந்த விமானப்படை சாகச நிகழ்ச்சியை வாய்பிளந்து பார்த்தேன். இன்றும் கண்ணிலேயே நிற்கிறது. கூட வந்த நண்பரோ, "தெருவில் கழைக்கூத்தாடி காட்டும் வித்தைதான் இது. ஆகாயத்தில் காட்டினால் உசத்தியாகிவிடுமா?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
— ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: உங்கள் நண்பர் சரியான சொல்லைப் பிடித்திருக்கிறார், தப்பான அர்த்தத்தில். வித்தை என்றால் கல்வி. விஜயதசமியன்று குழந்தையின் கையைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பதற்குப் பெயர் வித்யாரம்பம். அதே சொல்லைத்தான் நாம் "வித்தை காட்டாதே" என்று மட்டமாக்கி வைத்திருக்கிறோம். சில வருடங்களுக்கு முன்பு இதே பக்கத்தில், கழைக்கூத்தாடியும் கலைஞர்தான், கச்சேரி மேடையில் இருப்பவருக்குக் கிடைக்கும் மரியாதை அவருக்கும் வேண்டும் என்று எழுதினேன். திட்டி வந்த கடிதங்களை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றிக்கொள்ளத் தயாராக இல்லை. கயிற்றில் ஆடுபவர்களுக்கு முழங்கும் பறை குறுந்தொகையிலேயே கேட்கிறது. இரண்டாயிரம் வருடப் பழமை கொண்ட தொழில் அது. கயிற்றின் மேல் மூங்கிலோடு நிற்கும் அந்தச் சின்னப் பெண்ணுக்குத் தன் எடை எங்கே இறங்குகிறது என்று ஒவ்வொரு நொடியும் தெரியும். தெரியாவிட்டால் கீழே கிடப்பாள்.

விமானத்திலும் கதை இதுதான். சின்ன வயதில் மோர் நிறைந்த தூக்குவாளியைக் கையில் பிடித்துத் தலைக்கு மேலே சுழற்றியிருக்கிறீர்களா? வாளி தலைகீழாக வரும்போதும் ஒரு சொட்டு சிந்தாது. வட்டமாகச் சுற்றும் வேகத்தில் மோர் வாளியின் அடியோடு ஒட்டிக்கொள்கிறது. பாதியில் கை தயங்கினால் மோர் தலையில்தான். பாப் ஹூவர் என்ற அமெரிக்க விமானி வானத்தில் செய்து காட்டியதும் இதைத்தான். ஷ்ரைக் கமாண்டர் என்ற இரட்டை எஞ்சின் விமானத்தில் உட்கார்ந்து ஒரு கையால் விமானத்தை ஓட்டுவார், இன்னொரு கையால் ஐஸ் டீயை டம்ளரில் ஊற்றுவார். அந்த நேரத்தில் விமானம் 'பேரல் ரோல்' போட்டுக்கொண்டிருக்கும். ஒரு பெரிய பீப்பாயின் உள்சுவரை ஒட்டி உருண்டு போவது போல, தலைகீழாகப் புரண்டு எழும். ஜன்னலுக்கு வெளியே பூமி உச்சிக்குப் போய்த் திரும்பி வரும். டீ மட்டும் வீட்டு மேஜையில் ஊற்றுவது போல நேராக டம்ளரில் விழும். அதன் படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். நான் அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் டம்ளரை விட்டுக் கண் நகர மறுக்கிறது.

அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் அவரிடம் இருந்தது. இரண்டு எஞ்சின்களையும் வானத்திலேயே நிறுத்திவிடுவார். சத்தமே இல்லாத விமானத்தில் செங்குத்தாக ஒரு முழு வட்டம் அடிப்பார், எட்டு இடங்களில் நிறுத்தி நிறுத்தி ஒரு புரளல் போடுவார், திரும்பி வந்து தரையிறங்குவார். இறங்கும்போது முதலில் ஒரு சக்கரம், அப்புறம் மற்றது. எஞ்சின் இல்லாத விமானத்துக்கு உயரமும் வேகமும் மட்டுமே கையிருப்பு. ஒன்றைச் செலவழித்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும். மாசக் கடைசியில் குடும்பம் நடத்துகிற அம்மாவின் கணக்கு அது. ஒரு ரூபாய் பிசகினாலும் இழுத்துப் பிடிக்க வழியில்லை.

இந்த மனிதருக்குத் தொடக்கத்தில் விமானம் ஏறினாலே குமட்டும். மளிகைக் கடையில் வேலை பார்த்த காசில் விமானம் ஓட்டப் படித்தவர். குமட்டலுக்கு மருந்தாக அவர் தேர்ந்தெடுத்ததே குட்டிக்கரணங்கள்தான், உடம்பு பழகும்வரை புரண்டுகொண்டே இருந்தார். 1944-இல் ஜெர்மானியர்கள் சுட்டு வீழ்த்தி, ஒரு வருடத்துக்கு மேல் சிறையில் வைத்தார்கள். தப்பித்து வந்து, அவர்களுடைய ஃபோக்கவுல்ஃப் விமானம் ஒன்றையே எடுத்துக்கொண்டு நெதர்லாந்துக்குப் பறந்தார். 2016-இல் 94 வயதில் இறந்தார்.

கூட்டமாகப் பறப்பது வேறு வகை வித்தை. மெரினாவில் நீங்கள் பார்த்த சூர்யகிரண் அணி 1996-இல் தொடங்கியது, இப்போது ஒன்பது ஹாக் விமானங்களோடு பறக்கிறது. ஹெலிகாப்டர் அணியான சாரங்குக்கு நம் கோவை சூலூர்தான் வீடு. சாரங்க் என்றால் மயில். ஒன்பது விமானமும் ஒரே தகடு போலப் போகும்போது, ஓரத்தில் பறக்கும் விமானி வானத்தையோ கடலையோ பார்ப்பதில்லை. பக்கத்து விமானத்தின் உடம்பில் குறித்துவைத்த ஓர் இடத்தின் மேலேயே அவர் கண் இருக்கும். அந்தப் புள்ளி நகராமல் இருக்கும்படி கை ஓயாமல் மயிரிழை மயிரிழையாகத் திருத்திக்கொண்டே இருக்கும். தான் தலைகீழாக இருப்பதைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரமில்லை.

பக்கத்து விமானத்தின் மேல் வைக்கும் அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். 1982 ஜனவரியில் நெவாடா பாலைவனத்தில், அமெரிக்க விமானப்படையின் சாகச அணியான தண்டர்பேர்ட்ஸின் நான்கு டி-38 விமானங்கள் பயிற்சியில் செங்குத்தாக ஒரு வட்டம் அடித்துத் தரையை நோக்கி வந்தன. தலைமை விமானத்தின் கட்டுப்பாடு சிக்கிக்கொண்டது என்று பிறகு விசாரணை சொன்னது. அது மேலே எழவில்லை. மற்ற மூவரின் கண்ணும் அதன் மேலேயே இருந்தது. நான்கும் தரையில் மோதின. ஒருவரும் பிழைக்கவில்லை. இதைப் படித்த பிறகு என்னால் எந்த அணியையும் வெறும் வேடிக்கையாகப் பார்க்க முடிந்ததில்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு, "சுமாரா இருந்தாப் போதும்" என்ற பேச்சோடு எனக்குள்ள பகை தெரியும். மெரினாவைப் பற்றி இனிச் சொல்லப்போவதும் அதனால்தான். அதற்கு முன் ஒரு பழைய கதை. 1952-இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ காட்சியில் ஒரு டி ஹாவிலண்ட் விமானம் வானத்திலேயே உடைந்து, எஞ்சின் கூட்டத்துக்குள் விழுந்தது. பார்க்க வந்தவர்களில் 29 பேர் இறந்தார்கள், விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். விமானம் கூட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பறக்க வேண்டும் என்ற விதிகளை அதன் பிறகு இறுக்கினார்கள். ஆகாயத்தின் விதிகள் இப்படி உயிர் கொடுத்துக் கற்ற விதிகள்.

அக்டோபர் 6 அன்று மெரினாவில் 72 விமானங்கள் பறந்தன. அவற்றால் கரையில் இருந்த யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்று பார்க்க வந்தவர்களில் ஐந்து பேர் உயிரோடு வீடு திரும்பவில்லை. 15 லட்சம் பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே பேசப்பட்ட நிகழ்ச்சி அது. வைத்த நேரமோ காலை 11 முதல் மதியம் 1 வரை. மெரினா மணலில் அந்த நேரத்தில் செருப்பில்லாமல் பத்தடி நடக்க முடியாது. நிழல் இல்லை, தண்ணீர் போதவில்லை. முடிந்ததும் லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் எழுந்தபோது கலைந்துபோக வழியும் இல்லை. வேளச்சேரியிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் ரயில் நிலையங்களில் கால் வைக்க இடமில்லை. மேலே அடிக்கணக்கில் இடைவெளி பார்த்தவர்கள் நம் ஆட்கள்தான், கீழே இத்தனை பேருக்கு இத்தனை குடம் தண்ணீர் என்று கணக்குப் போடாதவர்களும் நம் ஆட்கள்தான். எனக்கு இது ஆறவில்லை.

நண்பரிடம் சொல்லுங்கள்: அவர் திட்டுவதாக நினைத்துச் சொன்னது பாராட்டு. அடுத்த தடவை மெரினாவில் விமானம் பறக்கும்போது அவரையும் கட்டாயம் அழைத்துப்போங்கள். நிகழ்ச்சியைக் காலை எட்டு மணிக்கே வைக்கச் சொல்லி நீங்கள் இருவரும் இப்போதே ஒரு மனு எழுதுங்கள். நூறடிக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, சாலை ஓரமெங்கும் பந்தல், பகுதி பகுதியாகக் கூட்டத்தை அனுப்ப ஏற்பாடு, இதையெல்லாம் அதில் கேளுங்கள். மனுவின் நகலை எனக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் முழுசாகப் போடுகிறேன்.