இன்டீரியர் டிசைன் படிக்க வேலையை விடலாமா?

கேள்வி: வயது 33. கோவையில் தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் 4 ஆண்டு 3 மாதமாக வேலை பார்க்கிறேன். கைக்கு வருவது 46,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 28,000. கணவருக்கு 38,000. வீட்டுக் கடன் தவணை 17,500, வீட்டுச் செலவு 24,000, மகளின் பள்ளிக்கு மாதக் கணக்கில் 5,000, மாமனார் மாமியார் மருந்துக்கு 5,000. பிக்சட் டெபாசிட் 3.2 லட்சமும் 12 சவரன் நகையும் இருக்கின்றன. வேலையை விட்டு 2 ஆண்டு முழுநேர இன்டீரியர் டிசைன் டிப்ளமோ சேர ஆசை. கட்டணம் 4.8 லட்சம். டெபாசிட்டை உடைத்து, மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா?

பதில்: படிக்கலாம், தாராளமாக. ஆனால் இந்த மாதம் ராஜினாமா வேண்டாம். டெபாசிட்டையும் நகையையும் கட்டணத்துக்காகத் தொடவும் வேண்டாம்.

நீங்கள் கட்டணத்தை மட்டும் செலவாகப் பார்க்கிறீர்கள். உங்கள் சம்பளம் நின்றால் கணவரின் 38,000-ஐ வைத்து 51,500 செலவைச் சமாளிக்க வேண்டும். மாதம் 13,500 துண்டு விழும். 24 மாதத்துக்கு 3,24,000. அதாவது கட்டணத்துக்கு ஒரு ரூபாய் எடுக்காவிட்டாலும், வீட்டை ஓட்டுவதற்கே உங்கள் டெபாசிட் முழுதும் போய்விடும்.

ஆகவே இன்னும் 9 மாதம் வேலையில் இருங்கள். இப்போது இரண்டு சம்பளத்திலும் செலவு போக மாதம் 32,500 மிஞ்ச வேண்டும். அதில் 27,000 சேர்த்தால் 9 மாதத்தில் 2,43,000. அதோடு 5 ஆண்டு நிறைந்து கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடைக்கும். மாதத்தை 26 நாளாக வைத்து, ஆண்டுக்கு 15 நாள் அடிப்படைச் சம்பளம்: 28,000 × 15 ÷ 26 × 5 = 80,769 ரூபாய். 4 ஆண்டு 240 நாள் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஆனாலும் 5 முழுதாக வேண்டும் என்று மறுக்கும் நிறுவனங்கள் உண்டு; படிக்கப் போகும் நேரத்தில் அந்த வழக்கு உங்களுக்கு எதற்கு? பி.எஃப். பணத்தை 5 ஆண்டுக்குள் எடுத்தால் வரியும் உண்டு. எடுக்காமல் விட்டுவிடுங்கள்.

மிஞ்சும் 5,500-ல் ஒரு வார இறுதி வகுப்பில் சேருங்கள். கையால் வரைபடம் போடுவதும், தூசியில் நின்று ஆசாரியிடம் அளவு பேசுவதும் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று 4.8 லட்சம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். நிறம் பிடிக்கும், அலங்காரம் பிடிக்கும் என்பது மட்டும் இந்தத் தொழிலுக்குப் போதாது.

9 மாதம் கழித்து கையில் சுமார் 6.44 லட்சம் இருக்கும். இதில் 30 மாதத் துண்டு 4,05,000-ஐத் தனியே ஒதுக்குங்கள். படிப்பு முடிந்து வேலை தேடும் 6 மாதமும் இதில் அடக்கம். முப்பரிமாண வரைபடம் ஓடும் அளவுக்கு நல்ல லேப்டாப்புக்கு 80,000 வையுங்கள். மீதி சுமார் 1.6 லட்சம் கட்டணத்துக்கு. பற்றாத 3.2 லட்சத்துக்குக் கல்விக் கடன் வாங்குங்கள். வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை, உங்கள் பங்கு என்று தனியாகப் போடச் சொல்வதும் இல்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது. வட்டி மட்டும் ஏறும். 10.5% வட்டி, 5 ஆண்டு என்று வைத்தால் தவணை சுமார் 6,900. அசல் முழுதும் வெளியானபின் மாத வட்டி 2,800. முடிந்த மாதங்களில் அதைக் கட்டிவிட்டால் தவணை ஏறாது. கட்டிய வட்டிக்குப் பழைய வரி முறையில் கழிவு உண்டு. நகைக் கடனில் இந்தச் சலுகை எதுவும் இல்லை. பெரும்பாலும் 12 மாதத்தில் அசலும் வட்டியும் சேர்த்துத் திருப்ப வேண்டும். நீங்கள் அப்போது இரண்டாம் ஆண்டு வகுப்பில் இருப்பீர்கள்.

முன்பணம் கட்டும் முன் வங்கிக்குப் போய், அந்த நிறுவனத்தின் அந்தப் படிப்புக்குக் கல்விக் கடன் தருவார்களா என்று கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத நிறுவனம் என்றால் கடைசியில் தனிநபர் கடன்தான் கிடைக்கும். பிறகு படிப்பு நடத்தும் நிறுவனத்தாரிடம் முந்தைய மாணவர் ஒருவரின் சமையலறை அலமாரி வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். 600 மி.மீ. அகலப் பெட்டிக்கு இரு பக்கமும் 18 மி.மீ. ப்ளைவுட் என்றால் உள் அகலம் 564. அந்த எண் வரைபடத்தில் இருக்க வேண்டும். வெறும் கலர் படங்களை நீட்டினால் வேறு இடம் பாருங்கள். ‘100% வேலை உறுதி’ என்பதை நம்பாமல், போன ஆண்டு முடித்தவர்கள் எங்கே, எவ்வளவுக்கு வேலை செய்கிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள்.

அலுவலக மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனிப் பாலிசி எடுங்கள்; முதல் 30 நாள் காத்திருப்பாவது அதற்குள் கழியும்.

முதல் சம்பளத்தை 15,000 என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். அது வீட்டுத் துண்டை மூடும், கடன் தவணையை மூடாது. இரண்டுக்கும் சேர்த்து 20,400 வேண்டும். அந்த இடத்துக்கு வர உங்களுக்கு ஓராண்டு அவகாசம் இருக்கிறது.

பின்னால் சொந்தமாகத் தொடங்கினால், முதலில் வடிவமைப்புக் கட்டணம் மட்டும் வாங்குங்கள். உள்அலங்காரத் தொழிலுக்கு வரவில் பாதியை லாபமாகக் காட்டி எளிதாக வரி கட்டும் முறை இருக்கிறது. பொருளும் ஆளும் சேர்த்து 6 லட்சம் என ஒப்பந்தம் பேசினால் அந்தக் கணக்கு பொருந்தாது. ஓராண்டில் நான்கே வேலை செய்தாலும் வரவு 24 லட்சமாகி, ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்ச வரம்பையும் தாண்டிவிடுவீர்கள். ப்ளைவுட் வாங்க வந்த முன்பணம் வீட்டுச் செலவில் கரைவதும் இங்கேதான் நடக்கும். வாடிக்கையாளர் பணத்துக்கு முதல் நாளே தனி வங்கிக் கணக்கு திறந்துவிடுங்கள்.