கிளப் மாறினால் துரோகமா?

லீக் கிரிக்கெட் பற்றிப் போன இதழில் எழுதியதும் கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. பெரும்பாலானவை பணத்தைப் பற்றியவை. சென்னை லீகில் ஆடிவிட்டு, பிறகு கீழ் டிவிஷன் கிளப் ஒன்றில் பல வருஷம் செயலாளராக வரவு செலவு பார்த்தவன் நான். அந்த அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

என் மகனுக்கு 18 வயது. இடக்கை வேகப்பந்து வீச்சாளன். சின்ன வயதிலிருந்து ஒரே கிளப்தான். கோச் எங்களிடம் ஒரு பைசா வாங்கியதில்லை. இப்போது சென்னையில் மேல் டிவிஷன் கிளப் ஒன்று மாதாமாதம் பணமும் தங்க இடமும் தருவதாகக் கூப்பிடுகிறது. “நன்றி கெட்டவன்” என்று கோச் திட்டுகிறார். அனுப்பலாமா?
— சேலத்திலிருந்து ஒரு தாய்

அனுப்புங்கள் அம்மா. ஆனால் எவ்வளவு தருவார்கள் என்பதை மட்டும் கேட்டுவிட்டு அனுப்பாதீர்கள். அந்த அணியில் ஏற்கெனவே எத்தனை வேகப்பந்து வீச்சாளர்கள் இருக்கிறார்கள், புதுப் பந்து யார் கைக்குப் போகிறது, போன சீசனில் மூன்றாவது வேகப்பந்து வீச்சாளருக்கு எத்தனை ஓவர் கிடைத்தது என்று கேளுங்கள். ஸ்கோர் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்கள். எதிர் அணிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே பையனைப் பதிவு செய்து பெஞ்சில் உட்கார வைக்கிற கிளப்புகளும் உண்டு. ஒரு கிளப்பில் பதிவானவன் அந்த சீசன் லீகில் வேறு கிளப்புக்கு ஆட முடியாது. 18 வயதில் ஒரு சீசன் முழுக்கத் தண்ணீர் பாட்டில் தூக்கினால், மாதாமாதம் வந்த பணம் அதை ஈடுகட்டாது.

உங்கள் ஊர்க்காரர் டி.நடராஜனைப் பாருங்கள். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவரைச் சென்னைக்கு அழைத்து வந்தவர் அவருடைய வழிகாட்டி ஜெயப்பிரகாஷ். 2010-11இல் நடராஜன் ஆடியது பி.எஸ்.என்.எல். அணிக்கு, நான்காம் டிவிஷனில். அதன்பிறகு விஜய் கிளப், அதற்கும் பிறகு ஜாலி ரோவர்ஸ். 2015 ஜனவரியில் ரஞ்சி. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் நின்றவரை பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. ஒவ்வொரு முறை மாறும்போதும் இன்னும் வலுவான மட்டையாளர்களுக்குப் பந்து வீசுகிற இடத்துக்கே போயிருக்கிறார். அப்படி மாறுவதை யாரும் துரோகம் என்று சொல்ல முடியாது.

கோச்சின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. வெயிலில் நின்று வளர்த்தவருக்கு ஒன்றுமில்லை, தயாரானவனை எடுத்துப்போகிறவர்களுக்குக் கோப்பை. கால்பந்தில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தம் இருக்கும்போதே ஒருவர் இன்னொரு கிளப்புக்குக் கைமாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயதுவரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துப் போகவேண்டும் என்பது ஃபிஃபா விதி. நம் ஊர் லீக் கிரிக்கெட்டில் கைமாறுகிற தொகை என்று ஒன்று எழுத்தில் இருப்பதே இல்லை, அப்புறம் எதில் 5 சதவீதம் கேட்பது? எங்கள் கிளப்பில் மாவட்டத்திலிருந்து ஒரு பையனை எடுத்தால், அவன் வந்த கிளப்புக்கு ஒரு பெட்டி பந்து அனுப்பிவிடுவோம். செயலாளராக இருந்தவரை அதை நான் விடவில்லை. உங்களை அழைக்கிற கிளப்பிடம் இதைத் தைரியமாகக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. பையனைக் கூட்டிக்கொண்டு நீங்களே கோச் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். செய்தி அவருக்கு வாட்ஸ்அப்பில் மூன்றாவது ஆள் வழியாகப் போய்ச் சேரக் கூடாது.

எங்கள் காலத்தில் பணமே கிடையாது. ஆட்டத்துக்காக ஆடினோம். இன்று உள்ளூர் கிரிக்கெட்டையே காசு கெடுத்துவிட்டது. ஒப்புக்கொள்கிறீர்களா?
— மயிலாப்பூரிலிருந்து ஒரு மூத்த வாசகர்

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஐயா. ஆனால் பணம் எப்போதும் இருந்தது. புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கியபோது, நம் பையன்களுக்கு மட்டையும் பூட்ஸும் உடையும் தன் கையிலிருந்து போட்டுத்தான் வாங்கிக் கொடுத்தார். பிறகு கம்பெனி அணிகள் வந்தன. இந்தியா பிஸ்டன்ஸ், ஸ்டேட் பேங்க், பாரி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே என்று எத்தனை அணிகள்! அங்கே நல்ல ஆட்டக்காரனுக்கு வேலை கிடைத்தது. மதியம் பெர்மிஷன் போட்டுவிட்டு நெட்டுக்குப் போகலாம், ஓய்வு பெறும்வரை சம்பளம், அதன்பிறகு பென்ஷன். கிளப் மாறுவது என்றால் ஆபீஸ் மாறுவது. சென்னை லீகின் முதல் டிவிஷன் கோப்பையான பாளையம்பட்டி ஷீல்டுக்காக மோதிய அணிகளில் பல அப்படிப் பிழைத்தவர்களால் நிறைந்தவை. என்னோடு ஆடியவர்களில் வீடு கட்டியவர்கள் எல்லாரும் அந்த வேலையில்தான் கட்டினார்கள்.

ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைகள் சுருங்கிய பிறகுதான் கையில் பணம் கொடுக்கிற பழக்கம் பரவியது. வேலை கொடுத்தபோது குடும்பமே நிமிர்ந்தது. இன்று சீசன் பணம் ஏழெட்டு மாதத்தோடு நின்றுவிடுகிறது, காலில் அடிபட்டால் அதுவும் இல்லை. எனக்கு இருக்கிற வருத்தம் இதுதான்.

இங்கிலாந்திலும் நெடுங்காலம் சம்பளம் வாங்காத அமெச்சூர், சம்பளம் வாங்குகிற புரொபஷனல் என்று இரண்டு சாதியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அமெச்சூர் கனவான்கள் ‘செலவுத் தொகை’ என்ற பெயரில் வாங்கிக்கொண்டதும் நடந்தது. 1962இல்தான் அந்தப் பிரிவினையை எடுத்தார்கள். அதே நாட்டில் லங்காஷயர் லீகில் நடந்தது எனக்குப் பிடிக்கும். கிளப்புக்குச் சம்பளக்காரர் ஒரே ஒருவர். 1929இல் நெல்சன் கிளப் மேற்கிந்தியத் தீவுகளின் லியரி கான்ஸ்டன்டைனை அப்படித்தான் வரவழைத்தது. மற்றவர்கள் உள்ளூர்க்காரர்கள். அவர்களில் ஒருவர் ஐம்பது அடித்தால், மைதானத்தைச் சுற்றிப் பெட்டி குலுக்கிக் காசு திரட்டிக் கொடுப்பார்கள். எல்லார் கண்ணெதிரிலும் வாங்கிய காசு. அதனால் யாருக்கும் யார்மேலும் சந்தேகம் வரவில்லை.

பொங்கலுக்கு எங்கள் ஊரில் டென்னிஸ் பந்து டோர்னமென்ட் நடத்துகிறோம். பணம் இருக்கிற ஒருவர் வருஷா வருஷம் வெளியூரிலிருந்து ஆறேழு பேரை மேட்சுக்கு இவ்வளவு என்று பேசி இறக்குகிறார். அவர் டீம்தான் ஜெயிக்கிறது. உள்ளூர்ப் பையன்கள் ஒதுங்கிவிட்டார்கள். வெளியூர் ஆட்களையே தடை செய்யலாமா?
— தேனி பக்கத்திலிருந்து கமிட்டி உறுப்பினர்

முழுத் தடை வேண்டாம் தம்பி. நல்ல ஆட்டக்காரர் ஒருவர் வந்தால் கூட்டம் வரும். அவர் பந்தை எதிர்கொண்ட உங்கள் ஊர்ப் பையனும் கற்றுக்கொள்வான். டீமுக்கு இரண்டு கெஸ்ட் என்று வையுங்கள், அது போதும். பதினைந்து பேர் பட்டியலை ஆதார் நகலோடு முதல் மேட்சுக்கு முந்தின நாள் மாலைக்குள் வாங்கிவிடுங்கள். அதன்பிறகு யார் பெயரும் சேராது, யார் போன் செய்தாலும் சேராது. அரையிறுதிக்கு மட்டும் காரில் வந்து இறங்குகிற ஆளால்தான் ஊரில் சண்டையே வருகிறது. ஒரு டீமில் தோற்றவர் மறுநாள் இன்னொரு டீம் பனியனில் வருவதும் இந்தப் பட்டியல் இருந்தால் நின்றுவிடும்.

பரிசுத் தொகையையும் கொஞ்சம் பாருங்கள். முதல் பரிசு மட்டும் மிகப் பெரிதாக இருந்தால், அதைக் கணக்குப் போட்டு ஆள் பிடிப்பார்கள். செலவழித்ததை எடுக்கவேண்டும் என்று வந்தவர் நடுவர் கையை உயர்த்தினால் ஏற்றுக்கொள்வாரா? தொகையைக் குறைத்து, மிச்சத்தில் உள்ளூர் வீரர்களுக்கு மட்டும் என்று சிறந்த மட்டையாளர், சிறந்த பந்துவீச்சாளர் பரிசு வையுங்கள். என்ட்ரி பீஸ் எவ்வளவு வந்தது, கடைக்காரர்கள் நன்கொடை எவ்வளவு, ஷாமியானா, மைக் செட், பந்து, சாப்பாடு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி மேடை அருகே ஒட்டிவிடுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் நன்கொடை கேட்கப் போகும்போது அதன் பலன் தெரியும்.

இன்னொன்று. மரத்தடியில் உட்கார்ந்து பெட் கட்டுகிறவர்களைக் கிரவுண்டுக்குள் விடாதீர்கள். மேட்ச் பணம் வாங்கும் வெளியூர் ஆட்டக்காரரை நான் குறை சொல்லமாட்டேன், அவர் உழைப்புக்கு வாங்குகிறார். பெட் கட்டுகிறவர் அப்படியல்ல, உங்கள் பையனிடம் கேட்சை விடச் சொல்வார்.

முதல் டிவிஷன் அணியில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் 3 லட்சம் கேட்கிறார். மகன் நன்றாக ஆடுவான். நிலத்தை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.
— விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு தந்தை

வேண்டாம் ஐயா. தயவுசெய்து வேண்டாம். வந்த கடிதங்களிலேயே என்னைத் தூங்கவிடாதது உங்களுடையதுதான்.

திறமை இருக்கிற பையனுக்கு கிளப் பணம் கொடுக்கும். கிளப்போ தரகரோ உங்களிடம் பணம் கேட்டால், உங்கள் மகன் ஆட்டம் அவர்களுக்குத் தேவையில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு பெயரைப் பதிவு செய்வார்கள், கிட் பேக் கொடுத்து போட்டோ எடுப்பார்கள். பதினொருவரில் பெயர் வராது. கேட்டால் “அடுத்த மேட்ச்” என்பார்கள். ரசீது இல்லாத பணம், யாரிடம் போய்க் கேட்பீர்கள்? உங்களிடம் கேட்ட ஆள் போனில் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வையுங்கள். வற்புறுத்தினால் காவல் நிலையத்துக்கும் கிரிக்கெட் சங்கத்துக்கும் எழுத்தில் கொடுங்கள்.

எந்த டிவிஷன் என்பதைப் பற்றி இவ்வளவு கவலைப்படவும் வேண்டாம். வருண் சக்கரவர்த்தி ஆர்க்கிடெக்ட் வேலையை விட்டுவிட்டு வந்தவர். முழங்காலில் அடிபட்டு வேகப்பந்தை விட்டு சுழலுக்கு மாறி, 2017-18இல் ஜூபிலி கிளப்புக்காக நான்காம் டிவிஷனில் 31 விக்கெட் எடுத்தார். அங்கிருந்து டி.என்.பி.எல். எனப்படும் தமிழ்நாடு பிரீமியர் லீக். 2018 டிசம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 8.4 கோடிக்குப் போனார். எல்லாருக்கும் அப்படி நடக்காது, நடக்கும் என்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் கீழ் டிவிஷனில் எடுத்த விக்கெட்டையும் கவனிக்கிற கண் இருக்கிறது. உங்கள் மகனை ஐந்தாம் டிவிஷன் டிரையல்ஸுக்கு அனுப்புங்கள். பஸ் செலவும் ஒரு ஜோடி ஸ்பைக்ஸும் போதும். நிலம் உங்களிடமே இருக்கட்டும்.

போன சீசன் 40,000 தருவதாகச் சொல்லி என்னை வேறு கிளப்பிலிருந்து எடுத்தார்கள். பாதிதான் வந்தது. மீதியைக் கேட்டால் “ஸ்பான்சர் போய்விட்டார்” என்கிறார்கள். இந்த வருஷம் மாற நினைக்கிறேன், விடமாட்டோம் என்கிறார்கள்.
— ஆவடியிலிருந்து 22 வயது ஆல்ரவுண்டர்

ஸ்பான்சர் போயிருப்பது உண்மையாகவே இருக்கலாம், தம்பி. கீழ் டிவிஷன் கிளப் பெரும்பாலும் ஒரு மனிதரின் பணத்தில்தான் நடக்கிறது. அவர் தொழில் படுத்தால் கிளப்பும் படுத்துவிடும். பந்து, அம்பயர் பீஸ், மைதான வாடகை, மேட், மதியச் சாப்பாடு, வேன் என்று ஒவ்வொரு மேட்சுக்கும் ரொக்கம் வேண்டும். இவையெல்லாம் போக மிஞ்சுவதுதான் ஆட்டக்காரனுக்கு. அந்த நாற்காலியில் இருந்தவன் என்பதால் செயலாளரின் கஷ்டம் எனக்குத் தெரியும். அதற்காக உங்களுக்குச் சொன்ன வாக்கு இல்லையென்று ஆகிவிடாது.

செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதியில், யார், எவ்வளவு தருவதாகச் சொன்னார், எவ்வளவு வந்தது என்று நான்கு வரி. கோபச் சொல் ஒன்றும் வேண்டாம். மாறுவதற்கான சம்மதத்தையும் அதே கடிதத்தில் கேளுங்கள். பதிவுக் காலம் முடிவதற்கு முன்பே இது போய்ச் சேரவேண்டும், கடைசி வாரம்வரை காத்திருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். பதில் வராவிட்டால் அந்தக் கடிதத்தின் நகலோடு சங்க அலுவலகத்துக்கு நேரில் போங்கள்.

புதுக் கிளப்பில் சீசன் முடிவில் மொத்தமாக என்று பேசாதீர்கள். மாதாமாதம், வங்கிக் கணக்கில். எவ்வளவு, எந்தத் தேதி, அடிபட்டு உட்கார்ந்தால் மருத்துவச் செலவு யார் பொறுப்பு, இவற்றை ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது செயலாளரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் தவறினால் அடுத்த வாரமே கேளுங்கள், அதுவும் டாஸ் போடும் நேரத்தில் வேண்டாம், நெட் முடிந்து அவர் தனியாக இருக்கும்போது. பழைய பாக்கியில் கொஞ்சம் குறைத்துத் தருகிறோம் என்று முன்வந்தால் வாங்கிக்கொண்டு, சம்மதக் கடிதத்தில் கையெழுத்தையும் அப்போதே வாங்கிவிடுங்கள்.