கேள்வி நேரம்: ரத்த குரூப்

கேள்வி: அப்பாவுக்கு ஏ பாசிட்டிவ், அம்மாவுக்கு பி பாசிட்டிவ். எனக்கு மட்டும் ஓ நெகட்டிவ். சோதனையில் தவறா? (பிளஸ் டூ மாணவி, திண்டுக்கல்)

இப்படி வரலாம், சந்தேகமே வேண்டாம். ஏபிஓ குரூப்புக்கான ஜீன் 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி என ஒவ்வொருவருக்கும் இரண்டு. ஓ ஒடுங்குதன்மை உடையது. ஏ அல்லது பி பக்கத்தில் இருந்தால் அது வெளியே தெரியாது. அதனால் அப்பா ஏஓ, அம்மா பிஓ என்றால் பிள்ளைக்கு ஏபி, ஏ, பி, ஓ நான்குமே வரலாம். ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு வாய்ப்பு.

நெகட்டிவ் தனிக் கணக்கு. பாசிட்டிவா நெகட்டிவா என்பதைத் தீர்மானிக்கும் ஆர்எச் ஜீன் 1ஆம் குரோமோசோமில் இருக்கிறது. பாசிட்டிவான பெற்றோர் இருவரும் நெகட்டிவ் பிரதி ஒன்றை மறைத்து வைத்திருந்தால் அதற்கும் கால் பங்கு வாய்ப்பு. இரண்டு ஜீன்களும் வெவ்வேறு குரோமோசோமில் இருப்பதால் பெருக்கிக்கொள்ளலாம்: ஓ நெகட்டிவ் வர 16இல் 1. 'நான்கு பிள்ளைகள் பிறந்தால் ஒன்று கட்டாயம் ஓ' என்று மட்டும் தேர்வில் எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு பிரசவத்துக்கும் கணக்கு புதிதாகத்தான் தொடங்கும்.

கேள்வி: அம்மா ஏபி என்றால் பிள்ளை ஓ ஆகவே முடியாதா? (ஆசிரியர், தென்காசி)

பாடப்புத்தகக் கணக்கில் முடியாது. ரிப்போர்ட் அப்படி வந்தால் முதலில் சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். பெயர் மாறிய ட்யூப்தான் பெரும்பாலும் காரணம். அதன் பிறகும் ஓ என்றே வந்தால் பாம்பே குரூப் என்ற அரிய ரத்த வகையை நினைக்க வேண்டும். 1952இல் மும்பையில் மருத்துவர் பெண்டே குழுவினர் கண்டறிந்து வெளியிட்டது இது. ஏ, பி ஆன்டிஜென்கள் (சிவப்பணுவின் மேல் உள்ள அடையாளங்கள்) இரண்டும் எச் என்ற அடித்தளத்தின் மேல்தான் கட்டப்படுகின்றன. எச் ஜீனின் இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால், ஏ ஜீன் இருந்தும் அதற்கு வேலை இல்லை; ஸ்லைடில் ஓ போலவே தெரியும்.

ஆபத்து அதற்குப் பிறகுதான். இவர்களின் சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியில்) எச்-சுக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது எச் உள்ள செல்களைத் தாக்கும் புரதம், இருக்கும். சாதாரண ஓ ரத்தத்தில் எச் ஏராளம். ஓ ரத்தத்தை ஏற்றினால் செல்கள் உடைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்த வங்கியில் இவர்களின் சீரத்தை ஓ செல்களோடு கலந்து பார்ப்பார்கள்; செல்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் சந்தேகம் வலுப்படும். இன்னொரு பாம்பே குரூப்காரரின் ரத்தம்தான் இவர்களுக்குச் சேரும்.

கேள்வி: பள்ளி ஆய்வகத்தில் குரூப் பார்க்கும்போது ஒரே ரத்தத்துக்கு இரண்டு விதமாக முடிவு வருகிறதே? (பிளஸ் ஒன் மாணவர், கரூர்)

பெரும்பாலும் குச்சியால் வரும் தவறு. ஆன்டி-ஏ (நீலம்), ஆன்டி-பி (மஞ்சள்), ஆர்எச் பார்க்க உதவும் ஆன்டி-டி (நிறமற்றது) ஆகிய சோதனை மருந்துகள் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு வைத்து, பக்கத்தில் ஒரு சொட்டு ரத்தம் விட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் குச்சியால் கலக்க வேண்டும். ஒரே குச்சி மூன்றிலும் போனால் மருந்துகள் கலந்து போகும்.

விரலில் ஸ்பிரிட் ஈரம் காய்ந்த பிறகே குத்துங்கள். ஈரம் இருந்தால் செல்கள் உடையும். முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த சொட்டை எடுங்கள். கலந்ததும் ஸ்லைடை மெல்லச் சாய்த்துச் சாய்த்து, 2 நிமிடத்துக்குள் பார்த்துவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் ஓரம் காய்ந்து, திரண்டது போலப் பொய்க்காட்சி தரும். ஆன்டி-டி கொஞ்சம் மெதுவாகத் திரளும் என்பதால் அவசரப்பட்டு நெகட்டிவ் என்று எழுதிவிடாதீர்கள். மருந்துப் பாட்டில்கள் 2 முதல் 8 டிகிரியில் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். மேசையில் வெயிலில் கிடந்த பாட்டிலை நம்பாதீர்கள். லான்செட் (விரலில் குத்தும் ஊசி) ஒருவருக்கு ஒன்று, பயன்படுத்தியதும் மூடியுள்ள டப்பாவில் போட்டுவிடுங்கள்.