புரொஸ்டேட் புற்றுநோயும் பரம்பரையும்: கேள்வி பதில்

அட்டன்: அப்பாவுக்கு 62 வயதில் புரொஸ்டேட் புற்றுநோய் என்றார்கள். எனக்கு 41. எனக்கும் வருமா ஐயா?

வந்தே தீரும் என்றில்லை தம்பி. புரொஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. சகோதரனுக்கு இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். 45 வயதில் பி.எஸ்.ஏ. (புரொஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு) இரத்தப் பரிசோதனை பற்றி டொக்டரிடம் பேசுங்கள். கிளினிக்கில் வெறுமனே 'அண்ணனுக்கு இருந்தது' என்று சொல்லிவிடாதீர்கள். கூடப்பிறந்தவரா, பெரியப்பா மகனா என்பதில் கணக்கே மாறிவிடும். அப்பாவின் டயக்னோசிஸ் கார்ட், பயொப்சி ரிப்போர்ட், கண்டியிலோ மகரகமையிலோ காட்டிய கிளினிக் கொப்பி எதையும் எறிய வேண்டாம்.

பதுளை: ஆண்கள் யாருக்கும் இல்லை. அம்மாவுக்கு மார்பில், சின்னம்மாவுக்கு சூலகத்தில் புற்றுநோய். அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே உண்டு, பலர் கோட்டைவிடுவதும் இங்கேதான். பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணு, உடைந்த டி.என்.ஏ.யைப் பழுதுபார்க்க உதவுவது. அதில் பிழை இருந்தால் பெண்களுக்கு மார்பு, சூலகப் புற்றுநோயும் ஆண்களுக்கு புரொஸ்டேட் புற்றுநோயும் வரும் வாய்ப்பு கூடும். இந்த வகை இளவயதில் வரும், வேகமாகப் பரவவும் கூடும். தாயிடம் பிழை இருந்தால், மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிழை உறுதியானால் ஆண்கள் 40 வயதிலேயே பி.எஸ்.ஏ. தொடங்குவது நல்லது.

மரபணுப் பரிசோதனையை முதலில் நோய் வந்தவருக்கே செய்ய வேண்டும். அம்மாவிடம் பிழை அகப்பட்டால், உங்களிடம் அந்த ஓரிடத்தைப் பார்த்தால் போதும். அங்கே இல்லையென்றால் அந்தப் பிழை பற்றிய கவலை தீர்ந்தது. உங்களை முதலில் சோதித்து 'ஒன்றுமில்லை' என்று வந்தால், குடும்பத்தில் பிழை இல்லையா, உங்களுக்கு மட்டும் இறங்கவில்லையா என்று தெரியாது. 'பொருள் உறுதியாகாத மாறுபாடு', அதாவது கெடுதலா இல்லையா என்று இன்னும் தெரியாத மரபணு மாற்றம் என்று ரிப்போர்ட் வந்தால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். தெற்காசியர்களின் தரவு குறைவு என்பதால் நமக்கு அந்தப் பதில் அடிக்கடி வரும்.

தலவாக்கலை: மாமன் மகளைத்தான் கட்டியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுமா?

இந்த நோய்க்கு அதனால் பெரிதாக ஒன்றும் கூடாது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வரும் பிழையே வாய்ப்பைக் கூட்டப் போதும். ஆனால் இருவரிடமும் பி.ஆர்.சி.ஏ.2 பிழை இருந்தால், நாலில் ஒரு வாய்ப்பு பிள்ளைக்கு இரண்டும் சேர. அது பன்கோனி இரத்தசோகை என்ற கடும் நோயாகும். ஆகவே உங்களிடம் பிழை தெரிந்தால் மனைவியையும் சோதியுங்கள்.

நுவரெலியா: வெளிநாட்டிலிருந்து எச்சில் பரிசோதனைப் பெட்டி வாங்கலாமா?

பணம் வீண். பல பெட்டிகள் மரபணுவில் சில இடங்களை மட்டுமே பார்க்கும். அதில் 'இல்லை' என்று வந்தாலும் பி.ஆர்.சி.ஏ.2 சரி என்று ஆகாது. 2023 ஆய்வொன்று இந்த நோயோடு தொடர்புள்ள 451 மரபணு மாறுபாடுகளைக் காட்டியது. தனித்தனியே பெரும்பாலானவற்றின் பங்கு மிகச் சிறியது.

பண்டாரவளை: பி.எஸ்.ஏ. 5.1. மறுபடி எடுக்கச் சொன்னார்கள். ஏன்?

சிறுநீர்த் தொற்று இருந்தாலே ஏறும். குணமாகி ஆறு வாரமாவது போகட்டும். முந்தைய இரண்டு நாள் உடலுறவும் சைக்கிள் ஓட்டமும் வேண்டாம். பினாஸ்டரைட் (புரொஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரை) ஆறு மாதத்துக்கு மேல் குடிப்பவருக்கு பி.எஸ்.ஏ. அளவு பாதியாகக் காட்டும். அவர் 3 என்றால் 6 என்று எண்ண வேண்டும். குடிக்கிற மாத்திரைத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.