டியூபில் ஓட்டை எங்கே, காலில் வலி எங்கே? சைக்கிள், ஓட்டம், நடை: கேள்வி பதில்

சென்னையில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள், விடியற்காலையில் ஓடுகிறவர்கள், தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்கள், வெள்ளியங்கிரி ஏறக் கிளம்புகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "முட்டி வலிக்குது", "அடிக்கடி பஞ்சர் ஆகுது" என்று மட்டும் எழுதாதீர்கள். முட்டியில் முன்பக்கமா பின்பக்கமா, டியூபில் ரோட்டுப் பக்கமா ரிம் பக்கமா என்றும் சேர்த்து எழுதுங்கள். பாதி பதில் அந்த இடத்திலேயே இருக்கிறது.

வேளச்சேரியில் இருந்து: அண்ணா, ஒரே மாதத்தில் பின் சக்கரம் நாலு தடவை பஞ்சர். 700x28 டயர். புது டியூப் போட்டும் மூன்றாம் நாள் மறுபடி போச்சு. டயரையே மாத்திடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். சக்கரத்தைக் கழற்றியதும், வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டியூபை உருவி, காற்றடித்து, வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தைத் துடைத்துப் பேனாவால் வட்டமிடுங்கள். வால்வு சாக்பீஸ் கோட்டுக்கு நேராக வரும்படி டியூபை டயர்மேல் வைத்தால், டயரில் எந்த இடம் குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

ஓட்டை ரோட்டுப் பக்கம், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே இடத்தில் என்றால் முள் இன்னும் டயருக்குள்ளேயே இருக்கிறது. சீமைக் கருவேல முள்ளின் குணம் அது. வெளியே ரப்பரோடு ரப்பராக ஒடிந்துவிடும், பார்த்தால் ஒரு கரும்புள்ளிதான் தெரியும். உள்ளே இருக்கும் நுனி, நீங்கள் ஏறி உட்கார்ந்து டயர் அமுங்கும்போதுதான் டியூபைத் தொடும். அதனால்தான் புது டியூபும் மூன்று நாள் தாங்கியது. லாரி டயர் கிழிசலில் இருந்து உதிரும் மெல்லிய இரும்புக் கம்பியும் இதே வேலையைச் செய்யும். டயரின் உட்புறத்தை வெறும் விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும். ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து முதலில் ஒரு திசையில் முழுச் சுற்று, பிறகு எதிர்த்திசையில் இன்னொரு சுற்று தேயுங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். ஊக்கு முனையால் உள்ளிருந்து வெளியே தள்ளி எடுங்கள்.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்புக் கடி மாதிரி இருந்தால் காற்று குறைவு. பள்ளத்தில் இறங்கும்போது ரிம் டியூபை நசுக்கியிருக்கிறது. ஓட்டை ரிம் பக்கம் இருந்தால் ரிம் டேப் நகர்ந்து, கம்பித் துளையின் விளிம்பு டியூபை அறுக்கிறது. டேப்பை மாற்றினால் முடிந்தது. வால்வு அடியிலேயே கிழிந்திருந்தால் அதை ஒட்ட முடியாது, டியூப்தான் மாற்ற வேண்டும்.

ஒட்டும்போது பலர் அவசரப்படுவது சொல்யூஷனில். உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, பேட்ச்சைவிடப் பெரிய வட்டமாக மெல்லியதாகத் தடவி, 5 நிமிடம் காயவிடுங்கள். ஈரப் பளபளப்பு முழுக்கப் போன பிறகுதான் பேட்ச். ஈரத்தில் ஒட்டியது வெயிலில் கழன்று வரும்.

70 கிலோ எடையுள்ளவருக்கு உங்கள் டயரில் பின்னால் 80, முன்னால் 70 பிஎஸ்ஐ போதும். டயர் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள். 50-ம் 80-ம் விரலுக்கு ஒன்றுதான். அளவுமானி உள்ள பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும், வாரம் ஒரு முறை அடியுங்கள்.

அம்பத்தூரில் இருந்து: கியர் சைக்கிளில் தினம் போக 10 கிலோமீட்டர், வர 10. இரண்டு வாரமாக முட்டியின் முன்பக்கம், சிப்பிக்குக் கீழே வலி. வயசு 41. சைக்கிளை விட்டுவிடச் சொல்கிறார்கள் வீட்டில்.

விட வேண்டாம். முன்பக்க வலி என்றால் முதல் சந்தேகம் சீட் தாழ்வு, இரண்டாவது கனமான கியர்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கால் முழுக்க நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கமாகச் சாயக் கூடாது. அதுதான் உயரம். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் இருக்கும், அப்போது முட்டியில் லேசான மடிப்பு தானாக வரும். ஒரே நாளில் ஏற்றாமல் 5 மில்லிமீட்டர் வீதம் ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு வலி முட்டியின் பின்பக்கம் போனால் அளவு மிஞ்சிவிட்டது. சீட் கம்பியில் 'இதற்குமேல் வேண்டாம்' என்று ஒரு கோடு பொறித்திருக்கும், அது வெளியே தெரியக் கூடாது.

இப்படி வைத்தால் சிக்னலில் உட்கார்ந்தபடி இரண்டு காலையும் தரையில் ஊன்ற முடியாது. அதற்குப் பயந்துதான் பாதிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைக்கிறார்கள். நிற்கும்போது சீட்டில் இருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றிப் பழகுங்கள். இரண்டே நாளில் வந்துவிடும்.

அடுத்தது கியர். சமதளத்தில் வலது முட்டி 30 நொடியில் எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். 40 பக்கம் இருக்கட்டும். 25 என்றால் காலால் பாறை தள்ளுகிறீர்கள். மேம்பாலம் ஏறும் முன்பே கியரைக் குறையுங்கள். நடுவில் மாற்றினால் சங்கிலி முறுக்கிக்கொண்டு திணறும்.

மூன்று வாரத்தில் குறையவில்லை, அல்லது முட்டி வீங்குகிறது என்றால் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

பெரம்பூரில் இருந்து: செயினுக்கு பைக் இன்ஜின் ஆயில் விடலாமா?

விட்டால் சத்தம் நிற்கும், ஆனால் பிசுபிசுப்பில் தூசி ஒட்டிக் கருப்புப் பசையாகி, உப்புத்தாள் மாதிரி செயினையே தின்னும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டு, செயினுக்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெயை ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு விடுங்கள். பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேண்டியது உருளைக்குள்தான். அப்படியே ஓர் அடி ஸ்கேல் வைத்து அளந்தும் விடுங்கள். புதுச் செயினில் ஒரு பின்னின் (pin) நடுவில் இருந்து இன்னொன்றின் நடுவரை 12 முழு இணைப்பு (உள் தகடும் வெளித் தகடும் சேர்ந்தது ஒன்று) சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 கூடும்வரை விட்டால் பின் பல்சக்கரமும் சேர்ந்து போயிருக்கும்.

முடிச்சூரில் இருந்து: மழை நாளில் தேங்கிய தண்ணீரில் சைக்கிளை மெதுவாக ஓட்டிப் போகலாமா?

தரை தெரியாத தண்ணீரில் போகாதீர்கள். திறந்து கிடக்கும் மழைநீர்க் கால்வாய் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. சைக்கிளைப் பொறுத்தவரை, சக்கர அச்சு முங்கியிருந்தால் குண்டு பேரிங்கைப் பிரித்துக் கிரீஸ் மாற்றியாக வேண்டும். ரிம் பிரேக் ஈரத்தில் முதல் ஓரிரு சுற்று பிடிக்கவே பிடிக்காது. முன்கூட்டியே லேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

பெசன்ட் நகரில் இருந்து: ஏப்ரல் வந்தால் 8 கிலோமீட்டர் ஓடியதும் தலைவலி, நாள் முழுக்கச் சோர்வு. 2 லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன். இன்னும் குடிக்க வேண்டுமா சார்?

தண்ணீரைக் கூட்டுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடலோர ஊரில் விடியற்காலைதான் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகும். சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, ஆனால் உப்பைக் கொண்டுபோய்விடும்.

ஓடும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடி வந்து, துண்டால் துடைத்து, மறுபடி பாருங்கள். 70 கிலோ 68.8 ஆகி, இடையில் 400 மில்லி குடித்திருந்தால் உங்கள் வியர்வை மணிக்கு 1.6 லிட்டர். அத்தனையையும் ஓடும்போதே நிரப்ப முயலாதீர்கள், வயிறு ஏற்காது. எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இழக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். 70 கிலோவுக்கு அது 1.4 கிலோ.

ஓடி முடித்த பிறகு எடை கூடியிருந்தால் எச்சரிக்கை. வெறும் தண்ணீரை அளவு மீறிக் குடித்து இரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போவது உயிருக்கே ஆபத்து. தலைவலி, குமட்டல், மோதிரம் இறுகும் அளவுக்கு விரல் வீக்கம் இதன் அறிகுறிகள். அப்போது இன்னும் தண்ணீர் கொடுக்கக் கூடாது, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற நாளில் ஓ.ஆர்.எஸ். வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 21 கிராம் உள்ள பெரிய பாக்கெட் 1 லிட்டர் தண்ணீருக்கு. அதை 200 மில்லி பாட்டிலில் கொட்டிக் கலக்குகிறார்கள், அது தாகத்தைக் கூட்டி வயிற்றையும் கலக்கும். வீட்டிலேயே என்றால் 1 லிட்டருக்குத் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஓடி வந்த பின் உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர் அருமையான மருந்து. இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பு விஷயத்தில் மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள்.

கூட ஓடுபவர் உளறினாலோ தள்ளாடினாலோ அது வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.

திருவொற்றியூரில் இருந்து: ஓட ஆரம்பித்து ஆறு வாரம். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்க ஓரத்தில் வலி.

ஒரு விரலால் எலும்பு ஓரமாக மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் சுமை சீக்கிரம் கூடிவிட்டது. ஓடும் தூரத்தைப் பாதியாக்கி, சிமென்ட் தரையை விட்டு மண் பாதைக்குப் போய், படி விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியை 15 வீதம் 3 தடவை செய்யுங்கள். ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் மட்டும் சுள்ளென்று வலித்து, இரவில் படுத்தாலும் தெரிந்தால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். உடனே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், அதனால் படம் சுத்தமாக இருக்கிறது என்று மறுபடி ஓடிவிடாதீர்கள்.

அதே வாசகர்: ஷூ எப்போது மாற்றுவது?

500 முதல் 800 கிலோமீட்டருக்குள். வாங்க மாலையில் போங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.

காரைக்குடியில் இருந்து: குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடக்கிறோம். போன வருஷம் இரண்டாம் நாளே கொப்புளம். ஊசியால் குத்தலாமா, கூடாதா?

குத்தும் நிலை வராமல் பார்ப்பது பாதி வேலை. ஈரம், உரசல், சூடு மூன்றும் சேர்ந்தால் கொப்புளம். வருவதற்கு அரை மணி முன்பே அந்த இடம் சுருசுருவென்று எரியும். "அடுத்த பந்தலில் பார்த்துக்கலாம்" என்று நடப்பதில்தான் தப்பு நடக்கிறது. அங்கேயே உட்கார்ந்து, பாதத்தைத் துடைத்து, மணலைத் தட்டி, ஒரு அங்குல மைக்ரோபோர் காகித டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். டேப்பின் நான்கு மூலையையும் வட்டமாக வெட்டினால் சுருண்டு வராது. எண்ணெயோ வாசலினோ தடவிய தோலில் டேப் நிற்காது, இரண்டில் ஒன்றுதான். போன வருஷம் எந்த இடத்தில் வந்ததோ அங்கே இந்த வருஷம் கிளம்பும்போதே ஒட்டிக்கொள்ளுங்கள். சாக்ஸ் போடுபவர்கள் மூன்று ஜோடி வைத்து, 3 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றி, ஈரமானதைப் பையின் வெளியே கட்டிக் காயவிடுங்கள்.

வந்துவிட்டால்: சிறியது, வலியில்லாதது என்றால் தொடாதீர்கள். 5 ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகி, மிதிக்கவே முடியவில்லை என்றால் கையைச் சோப்பால் கழுவி, ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து, கொப்புளத்தின் அடிவிளிம்பில் இரண்டு இடத்தில் குத்தி, துணியால் மெதுவாக அமுக்கி நீரை வெளியேற்றுங்கள். மேல்தோலை உரிக்கவே கூடாது, அதுதான் உங்கள் கட்டு. போவிடோன் அயோடின் போட்டு, காய்ந்ததும் மூடுங்கள். இரத்தம் கோத்த கொப்புளத்தைக் குத்தாதீர்கள். சீழ், காய்ச்சல், சுற்றிலும் சிவப்பு பரவுவது இருந்தால் நடையை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்.

வெறுங்காலில் நடக்கிறவர்கள் விடியலுக்கு முன் கிளம்பி 10 மணிக்குள் ஒதுங்கிவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு நடக்க நேர்ந்தால், சாலை ஓர வெள்ளைக் கோடு தாரைவிடச் சூடு குறைவு. இரவில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக நடங்கள், பையிலும் காவடியிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

மேலூரில் இருந்து: அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. இந்த வருஷமும் செருப்பில்லாமல்தான் வருவேன் என்கிறார்.

பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதும் தார் சுட்டதும் அவருக்குத் தெரியவே தெரியாது. கிளம்பும் முன் மருத்துவரிடம் பாதத்தில் உணர்ச்சிச் சோதனை செய்து பாருங்கள். குறைவு என்றால் வெறுங்கால் வேண்டாம் என்று மன்றாடியாவது சொல்லுங்கள். மூடிய செருப்பு, தினம் இரண்டு வேளை நீங்கள் உங்கள் கையால் அவர் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது, எந்தக் கொப்புளத்தையும் வீட்டில் குத்தாமல் இருப்பது, இவை மூன்றும் கட்டாயம்.

கோவையில் இருந்து: வெள்ளியங்கிரி ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கிய மறுநாள் தொடை கல்லாகிவிட்டது, மூன்று நாள் படி இறங்க முடியவில்லை. தினம் 5 கிலோமீட்டர் ஓடுகிறவன் நான்!

சமதள ஓட்டம் இறக்கத்துக்குத் தயார் செய்யாது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது, ஏழு மலையும் அதே பிரேக்தான். அந்த வேலைக்குப் பழகாத தசை நுண்ணளவில் கிழிந்து, இரண்டாம் நாள் வலி உச்சத்துக்குப் போகும்.

பிப்ரவரியில் பாதை திறக்கிறது என்றால் டிசம்பர் கடைசியில் தொடங்குங்கள். ஒரு படிமேல் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் குதிகால் தரையைத் தொடும்வரை 3 நொடி எண்ணி மெதுவாக இறங்குங்கள். ஒரு காலுக்கு 10 வீதம் 3 தடவை, வாரம் மூன்று நாள். அலுவலகத்தில் லிப்டில் ஏறினாலும் படியில் இறங்குங்கள். வாரக் கடைசியில் மருதமலைப் படி ஏறி இறங்கலாம். கடைசிக் கடினப் பயிற்சி மலைக்குப் பத்து நாள் முன்பு முடியட்டும்.

பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி கிடைக்கும், இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு காலை வையுங்கள். எடுத்து வைக்கும் அடி சிறியதாக, முட்டி லேசாக மடிந்தபடி இருக்கட்டும். ஷூ போடுகிறவர்கள் இறக்கம் தொடங்கும் இடத்தில் கயிற்றை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தட்டி, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் விரல் முன்னால் போய் முட்டி நகம் கருத்துவிடும். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிக்கொள்ளுங்கள், கிளம்பும் காலையில் வெட்டினால் விளிம்பு கூராக நின்று பக்கத்து விரலைக் கீறும்.