மானியப் பணத்தில் ஓடும் கம்பெனிக்கு மகளை அனுப்பலாமா?

செபராங் ஜெயாவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முடித்திருக்கிறாள். கையில் இரண்டு வேலைக் கடிதம். ஒன்று பத்து காவானில் உள்ள பெரிய மருத்துவக் கருவித் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை இன்ஜினியர். இன்னொன்று சுங்கை டுவாவில் கடைவரிசையின் மேல்மாடியில் ஆறு பேர் வேலை பார்க்கும் கம்பெனி. இனிப்புநீர்க்காரர்களின் பாதத்தில் புண் வரும் முன்பே சூட்டையும் அழுத்தத்தையும் அளந்து எச்சரிக்கும் அட்டை ஒன்றைச் செருப்புக்குள் வைப்பதற்காக உருவாக்குகிறார்கள். அங்கே சம்பளம் 700 ரிங்கிட் குறைவு. மகளோ அங்கேதான் போவேன் என்கிறாளாம்.

"அரசாங்கக் காசுல ஓடுற கம்பெனியாம். கடனைக் கட்ட முடியலைனா என் பிள்ளை தலையில விழுமா? அப்பா விருப்பப்பட்டா முப்பதாயிரம் வெள்ளி பங்கு போடலாம்னு முதலாளி வேற சொல்றார்" என்று கேட்டிருக்கிறார்.

அக்கா, முதலில் அந்தக் கடன் பயத்தை இறக்கி வைத்துவிடுவோம். நம் குடும்பங்களுக்கு அரசாங்கப் பணம் என்றாலே திருப்பிக் கட்டும் பணம்தான் பழக்கம். பிள்ளை படிக்க பிடிபிடிஎன், மாமா கடை வைக்க தெக்குனின் ஸ்பூமி கடன். மாதம் பிறந்தால் கட்ட வேண்டும், தவறினால் கடிதம் வரும். ஆய்வு மானியம் அப்படிப்பட்டது அல்ல. ஒரு புதுப் பொருள் வேலை செய்யுமா என்று பார்ப்பதற்காக அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும் செலவு அது. பொருள் தோற்றுப்போனாலும், ஒழுங்காகச் செலவழித்துக் கணக்குக் காட்டியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள். ஒப்பந்தத்தை மீறினால் கேட்பார்கள், அதுவும் கம்பெனியிடம்தான். சம்பளத்துக்கு வேலை செய்யும் உங்கள் மகளிடம் கேட்க வழியே இல்லை. அவள் பெயரை டைரக்டராகவோ ஜாமீனாகவோ எதிலும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

வங்கியில் கேட்கலாமே, அரசாங்கம் ஏன் கொடுக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். விற்பதற்குப் பொருளே இல்லாத கம்பெனிக்கு வங்கி கொடுக்காது. மருத்துவக் கருவி என்றால் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தால் மட்டும் போதாது. நோயாளிகளிடம் சோதிக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பிறகு 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டப்படி, சைபர்ஜெயாவில் இருக்கும் மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிய வேண்டும். இதெல்லாம் முடியும் வரை ஒரு காசு வருமானம் கிடையாது, வாடகையும் சம்பளமும் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

இந்த முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டிய நாடு அமெரிக்கா. 1982இல் சட்டம் போட்டார்கள். வெளியாருக்கு ஆண்டுக்கு 100 மில்லியன் டாலருக்கு மேல் ஆய்வுப் பணம் கொடுக்கும் அரசாங்கத் துறைகள், அதில் ஒரு பங்கைச் சிறு கம்பெனிகளுக்கென்று ஒதுக்கியே ஆக வேண்டும். எஸ்பிஐஆர் என்ற சிறு கம்பெனி ஆய்வுத் திட்டம் அதுதான். அந்தப் பங்கு பின்னாளில் 3.2 விழுக்காடு வரை உயர்ந்தது. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்பவர்களுக்காக 1992இல் எஸ்டிடிஆர் என்று இன்னொரு திட்டம் வந்தது. சுகாதார ஆய்வுக்கு இந்தப் பணத்தைக் கொடுப்பது என்ஐஎச் என்ற தேசிய சுகாதாரக் கழகம். முதல் கட்டத்தில் யோசனை நடக்குமா என்று பார்க்க ஆறு மாதம் முதல் ஓராண்டு, சுமார் 300,000 டாலர். நடக்கும் என்று காட்டினால் இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு ஆண்டு, சுமார் 2 மில்லியன் டாலர். மூன்றாம் கட்டம் சந்தை. அதற்கு இந்தத் திட்டத்தில் பணம் இல்லை, முதலீட்டாளரைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். கொடுத்த பணத்துக்கு ஈடாக அரசாங்கம் கம்பெனியில் பங்கு கேட்பதில்லை.

சுங்கை டுவா கம்பெனியின் முதலாளி அந்த அமெரிக்கப் பணத்துக்கும் மனு போடப் போவதாக மகளிடம் சொன்னாராம். இங்கே கொஞ்சம் கவனமாக இருங்கள். எஸ்பிஐஆர் பணம் அமெரிக்காவில் இயங்கும், பாதிக்கு மேல் அந்நாட்டவர் கையில் இருக்கும், 500 பேருக்கு மிகாத கம்பெனிக்குத்தான். வேலையும் அங்கேயே நடக்க வேண்டும். சுங்கை டுவா மேல்மாடிக்கு அது வராது. தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம். தெரிந்தே அந்தப் பணத்தைக் காட்டி ஆள் சேர்க்கிறார் என்றால் நான் அந்த மாடிப்படி ஏறமாட்டேன்.

நம் நாட்டில் இதே வேலையைச் செய்யும் இடங்கள் இருக்கின்றன. புதுக் கம்பெனிகளுக்கு உதவும் அரசாங்க நிறுவனமான கிரேடிலின் சிஐபி ஸ்பார்க் மானியம், தொடக்க நிலைக் கம்பெனிக்கு 150,000 ரிங்கிட் வரை தருகிறது. சந்தைக்குப் போகத் தயாராக இருப்பவர்களுக்கு சிஐபி ஸ்பிரிண்ட், 600,000 வரை. அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சுக்கும், மலேசியத் தொழில்நுட்ப மேம்பாட்டுக் கழகமான எம்டிடிசிக்கும் தனித்தனியே ஆய்வு நிதிகள் உண்டு. உங்கள் மகளின் கம்பெனி இதில் எதைப் பெற்றிருக்கிறது என்று பெயரோடு கேட்கச் சொல்லுங்கள். "கவர்மெண்ட் கிராண்ட்" என்று பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள்.

இப்படி வந்த ஆய்வுகள் பலன் தந்ததா என்றால், நம் பினாங்கிலேயே சாட்சி இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் யானைக்கால் நோயைச் சில நிமிடங்களில் கண்டுபிடிக்கும் பரிசோதனைக் கருவியை உருவாக்கினார்கள். புருஜியா ரேப்பிட் என்று பெயர். உள்ளூர்க் கம்பெனி ஒன்று அதைத் தயாரித்து விற்றது, பல நாடுகளின் யானைக்கால் ஒழிப்புத் திட்டங்களில் பயன்பட்டது. நம் ஆட்களால் முடியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

சரி, உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது? ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் நடுவில். மானியத்தை மொத்தமாகக் கையில் கொடுப்பதில்லை. சொன்ன வேலையை முடித்து, ரசீதும் அறிக்கையும் கொடுத்து, அவர்கள் சரிபார்த்த பிறகுதான் அடுத்த பணம். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் கோலாலம்பூரில் இப்படி ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன். ஒரு குளிர்ப்பெட்டி, அதன் கதவில் நூல் கட்டித் தொங்கும் ஒரு நோட்டு. தினமும் காலை எட்டரைக்கு வெப்பநிலையை எழுதிக் கையெழுத்துப் போடுவாள். 4.1, 3.9, 4.4 என்று பக்கம் பக்கமாக அவள் கையெழுத்து. இரண்டு டிகிரிக்குக் கீழேயோ எட்டுக்கு மேலேயோ போனால் உள்ளே இருக்கும் மருந்துகள் பாழ், மூன்று மாத வேலையும் பாழ். அவ்வளவு கவனமாக ஆய்வு நடந்த அதே கம்பெனியில், கணக்கு அறிக்கையை முதலாளி நேரத்துக்கு அனுப்பவில்லை. தவணை நான்கு மாதம் தள்ளிப்போய் எல்லோருக்கும் பாதிச் சம்பளம். அவள் அழுதுகொண்டு போன் செய்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் அந்த நான்கு மாதத்தில் அறிக்கை எழுதுவதை அவளே கையில் எடுத்துக்கொண்டாள். எந்தச் செலவை மானியத்தில் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது, ஆணையத்துக்கு என்னென்ன ஆவணம் போக வேண்டும் என்று எல்லாம் கற்றாள். இன்று ஒரு பெரிய நிறுவனத்தில் மருத்துவக் கருவிப் பதிவு வேலையைப் பார்க்கிறாள். ஆய்வும் தெரிந்து, அரசாங்கத்துக்குப் புரியும்படி எழுதவும் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. உங்கள் மகளுக்கு நான் சொல்வதும் இதுதான்: போனால் ஆய்வுக்கூட வேலையோடு நின்றுவிடாமல், மானிய அறிக்கை எழுதும் மேசையிலும் ஒரு நாற்காலி கேள். மருத்துவக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 13485 தர முறையைக் கற்றுக்கொள். நாளைக்கு அந்தக் கம்பெனி மூடினாலும் பாயான் லெப்பாஸிலும் பத்து காவானிலும் அந்தக் கல்விக்கு வேலை உண்டு.

முப்பதாயிரம் வெள்ளி விஷயத்துக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். மகள் தன் உழைப்பைப் போடுகிறாள், அது போதும். ஒரே கம்பெனியில் மகளின் சம்பளமும் அப்பாவின் 55 வயது இபிஎஃப் பணமும் மாட்டிக்கொண்டால், மானியம் தள்ளிப்போகும் மாதத்தில் வீட்டில் இரண்டு அடி விழும். வேலைக்குச் சேர வருபவளின் அப்பாவிடம் முதலாளி பங்கு கேட்டதே எனக்குப் பிடிக்கவில்லை. மரியாதையாக மறுத்துவிடுங்கள். அதன் பிறகும் வேலை கொடுக்கிறாரா என்று பாருங்கள். அவரைப் பற்றி அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கடிதத்தின் கடைசியில், உங்கள் கணவருக்குப் போன ஆண்டு காலில் இரண்டு விரல் எடுத்ததைப் போகிறபோக்கில் ஒரு வரியாக எழுதியிருந்தீர்கள். அக்கா, மகள் ஏன் அந்தச் செருப்பு அட்டையை விடமாட்டேன் என்கிறாள் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி இந்த நாட்டில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர். அவளைச் சம்பளக் கணக்கு சொல்லி மட்டும் தடுக்காதீர்கள்.

இந்த வாரத்துக்குள் மகள் கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டியவை சில. மானிய ஒப்பந்தத்தில் தவணைகள் இருக்கும் பக்கம், கடைசித் தவணை எப்போது வந்தது என்ற விவரம், பணம் வராவிட்டால் எத்தனை மாதச் சம்பளம் கையிருப்பில் இருக்கிறது என்ற பதில். ஆறு மாதத்துக்குக் குறைவென்றால் பத்து காவானில் சேரட்டும், இரண்டு ஆண்டு தரப் பரிசோதனை கற்றுவிட்டு இப்படிப்பட்ட கம்பெனிக்கு வரலாம். ஆறு மாதத்துக்கு மேல் இருந்து, வேலைக் கடிதத்தில் முதலாளியின் 13 விழுக்காடு இபிஎஃப் பங்கும் சொக்சோவும் தெளிவாக எழுதியிருந்தால், சுங்கை டுவாவுக்கே போகட்டும். அந்தப் பக்கங்கள் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். கையெழுத்துப் போடும் முன் சேர்ந்து வாசித்துவிடலாம்.